பழைய கிணற்றைத் தூர் வாரி மழைத் தண்ணீரை இறக்கிய வேலை: கொட்டிவாக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

"போர் தண்ணி உப்பாயிடுச்சு, இன்னும் எத்தனை அடி போடலாம்?" என்று கடலோரச் சென்னையில் குடியிருப்பவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான். போர் வண்டியைக் கூப்பிடாதீர்கள், கிணறு தோண்டுகிற ஆட்களைக் கூப்பிடுங்கள். எங்கள் குடியிருப்பில் மூடிக் கிடந்த கிணற்றைத் தூர் வாரி, கிணற்றுச் சுவராக அடுக்கியிருக்கும் வளையங்களில் (உறைகளில்) உடைந்தவற்றை மாற்றி, மொட்டை மாடி மழைத் தண்ணீரை அதில் இறக்கிக் கொடுத்த ஒரு குழுவின் வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர்களுக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மேஸ்திரி, கூட நான்கு ஆட்கள். தன் பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டதால் போடவில்லை. இதே வேலையைச் செய்கிற குழுக்கள் திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை வரைக்கும் இருக்கின்றன. யாரைக் கூப்பிட்டாலும் எது சரியான வேலை என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

எங்களுடையது பன்னிரண்டு வீடுகள் உள்ள கட்டடம். ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. சென்னைக்குப் பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம், வீராணம் என்று ஊருக்கு வெளியிலிருந்து தண்ணீர் வருகிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன. எல்லாம் சரி. ஆனால் எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயில் வருவது பெரும்பாலும் காலடி மணலில் இருக்கும் தண்ணீர்தான். லாரியில் வருவதும் வேறு யாரோ ஒருவரின் காலடித் தண்ணீர்தான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தபோது, எங்கள் தெருவை ஓரளவு காப்பாற்றியது இந்த மணல்தான். அதே கோடையில் எல்லோரும் ராத்திரி பகலாக மோட்டர் ஓட்டியதில் எங்கள் அறுபது அடி போரின் ருசியும் மாறியது. அப்புறம் பழைய நிலைக்கு அது திரும்பவே இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 1,900 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,900 பங்கு) காட்டும். குடிநீருக்கு இந்தியத் தர அளவு 500. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. நாங்கள் அந்த விளிம்பில் நின்றுகொண்டிருந்தோம். கீசர் காயில் அரித்துப்போகும், பக்கெட்டில் வெள்ளைப் படிவு, தலைமுடி கொட்டுகிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் இதே பேச்சு.

அசோசியேஷன் செயலாளர் என்ற முறையில் முதலில் ஒரு போர்வெல் கம்பெனியை வரச் சொன்னேன். வந்தவர் மண்ணைப் பார்க்கவில்லை, பழைய கிணற்றைப் பார்க்கவில்லை. "இருநூறு அடி போட்டுடலாம் மேடம்" என்று நின்ற இடத்திலேயே சொன்னார். மோட்டருடன் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் எஸ்டிமேட். நல்ல தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

மூன்றாம் மாடி சார் போர்தான் வேண்டும் என்று நின்றார். அவரிடம் நான் எடுத்துச் சொன்னது மீஞ்சூர்க் கதையை. வடக்கே மீஞ்சூர் சுற்று வட்டாரத்தில் ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயலுக்கும் இறைத்து இறைத்து, 1969-ல் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரம் வரை நிலத்தடியில் கடல் தண்ணீர் ஏறியிருந்தது. 1987-ல் அது ஒன்பது கிலோமீட்டர். சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்ததும் அதே 1987-ல்தான். இத்தனை வருடம் கழித்தும் அங்கே உப்பு முழுக்க விலகவில்லை. நாமோ கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறோம்.

கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேலே மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் கனம். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அடி இறைத்துக் காலி செய்தால், கீழே உப்பு நாற்பது அடி ஏறி வரப் பார்க்கும். அப்படியென்றால் இங்கே இருநூறு அடி போர் எங்கே போய் நிற்கும்? சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, கிணத்து ஆளையும் வரச் சொல்லுங்க" என்றார்.

மேஸ்திரி வந்ததும் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், கிணற்றை மூடியிருந்த கடப்பாக் கல்லை ஆட்கள் நகர்த்தியதும் எட்டிப் பார்த்தார். ஐந்தடி அகலக் கிணறு. கட்டடம் கட்டியபோது மிஞ்சிய செங்கல், சிமென்ட் மூட்டை, உடைந்த பேசின் எல்லாம் உள்ளே கிடந்தன. அடுத்து அவர் பார்த்தது கழிவுநீர் மேன்ஹோலை. கிணற்றுக்கும் அதற்கும் நடுவே காலடி வைத்து அளந்தார். "பழைய செப்டிக் டேங்க் ஏதாவது மண்ணுக்குள்ள இருக்காம்மா?" என்று கேட்டார். இருந்தது, வாசல் பக்கம். மண் போட்டு மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. அதை நேரில் பார்த்த பிறகுதான் விலை பேசினார். இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள் என்பேன். மழைத் தண்ணீரை இறக்குகிற கிணற்றுக்குப் பக்கத்தில் கழிவு கசிந்தால் அத்தனை வேலையும் பாழ்.

எனக்கு இவர்கள்மேல் நம்பிக்கை வந்தது தூர் வாரிய அன்றைக்கு. மூடிக் கிடந்த கிணற்றில் இறங்கி விஷவாயு தாக்கி ஆட்கள் செத்துப்போனார்கள் என்ற செய்தியை ஒவ்வொரு வருடமும் படிக்கிறோம். அதனால் வேலைக்கு முன்பே, "பாதுகாப்புக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருந்தேன். இவர்கள் முதல் நாள் காலையிலேயே மூடியை முழுசாக எடுத்துவிட்டு, ஒரு ப்ளோயரில் நீளக் குழாய் மாட்டிக் கிணற்றின் அடிவரை காற்று விட்டார்கள். அன்றைக்கு யாரும் இறங்கவில்லை. மறுநாள் மறுபடி காற்று விட்டு, கையில் வைத்திருந்த வாயு சோதிக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். இறங்கிய பையனுக்கு இடுப்பில் பெல்ட், அதில் வடக்கயிறு, மேலே இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். பையன் உள்ளே இருந்த நேரம் முழுக்க மேஸ்திரி கிணற்றடியை விட்டு நகரவில்லை. டீ கூட அங்கேயே நின்றுதான் குடித்தார். இதற்கு ஆகிற கூலியையும் நேரத்தையும் குறைக்கச் சொல்லி யாரும் பேரம் பேசக் கூடாது. எங்கள் கூட்டத்தில் பேசியவர்களிடமும் இதைத்தான் சொன்னேன்.

குப்பை, செங்கல் எல்லாம் மேலே வந்த பிறகு கருப்புச் சேறு. அதன் வாடை தெருமுனை வரை போனது. பாண்டு பாண்டாகக் கப்பியில் ஏற்றினார்கள். சேறு தீர்ந்து வெள்ளை மணல் தெரிந்ததும், ஓரத்திலிருந்து விரல் தடிமனுக்கு ஊற்று எடுத்தது. நானும் கீழ்வீட்டுப் பாட்டியும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நின்றோம். அந்தத் தண்ணீரை ஒரு சொம்பில் வாங்கி மீட்டரை வைத்தேன்: 1,150. பத்தடி தள்ளி இருக்கும் போரில் 1,900, இதில் 1,150. ஆழம்தான் வித்தியாசம். மேலே இருக்கிற தண்ணீர் நல்ல தண்ணீர் என்று இத்தனை வருடம் மூடி வைத்த கல்லுக்குக் கீழே சாட்சி இருந்திருக்கிறது.

இன்னும் ஐந்தடி ஆழப்படுத்தலாமே என்று சிலர் ஆசைப்பட்டார்கள். மேஸ்திரி மறுத்துவிட்டார். மோட்டர் வைத்து இறைத்துக்கொண்டே தோண்டினால் கீழே மணல் தண்ணீரோடு சேர்ந்து பொங்கி வரும், அப்படி வந்தால் பக்கத்துச் சுவருக்கு அடியில் மண் சரியும் என்றார். "அதுக்கும் கீழ போனா உப்புதான்மா. இருபத்திரண்டு அடியே போதும்" என்றார். அடிக்கணக்கில் கூலி வாங்குகிறவர் அடி போதும் என்று சொன்னதை நான் அங்கேதான் கேட்டேன்.

உடைந்திருந்த ஆறு உறைகளை மாற்றினார்கள். உறைகளுக்கு நடுவே கீழ்ப்பகுதியில் சிமென்ட் பூசவில்லை. அந்த இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் வரவும் போகவும் வேண்டும். மேலே உள்ள மூன்று உறைகளுக்கு மட்டும் நன்றாகப் பூசினார்கள். தரை மட்டத்துக்கு மேலே மூன்றடி உயரத்துக்கு உறை நிறுத்தி, அதன்மேல் கம்பி வலையும் பூட்டு வைத்த மூடியும் போடச் சொன்னார். இது எதற்கு, இடத்தை அடைக்கிறதே என்று கார் நிறுத்துகிறவர்கள் முணுமுணுத்தார்கள். தெருத் தண்ணீர் ஏறினால் கிணற்றுக்குள் வரக் கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த மூன்றடியின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. தெருவில் சாக்கடை கலந்த தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. கிணற்றுக்குள் ஒரு சொட்டு போகவில்லை.

அடுத்தது மழைத் தண்ணீர். 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது எங்கள் கட்டடத்திலும் ஒன்று செய்திருந்தார்கள். வாசலில் இரண்டடிக் குழி, அதில் கொஞ்சம் ஜல்லி. காகிதத்தில் கையெழுத்து வாங்க அது போதும். மண் அடைத்து, மேலே செடி முளைத்து, இருக்கும் இடமே தெரியாமல் போய்விட்டது. ஊரில் பாதிக் கட்டடங்களில் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் சட்டம் நல்ல சட்டம். வருடா வருடம் சுத்தம் செய்ய ஆள் இல்லாமல்தான் அது வீணாகிறது.

வேலைக்கு முன்பு மந்தைவெளியில் இருக்கும் ரெயின் சென்டருக்குப் போய் மாதிரிகளைப் பார்த்துவிட்டு வந்தோம். பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் மழைத் தண்ணீரைச் சேமிக்கச் சொல்லிக் கேட்ட இயற்பியலாளர் சேகர் ராகவன் முன்னின்று 2002-ல் தொடங்கிய இடம் அது. மாடித் தண்ணீரும் தரைத் தண்ணீரும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பது அங்கே பார்த்ததில் எனக்கு நன்றாகப் பதிந்தது. மேஸ்திரியும் அதையே சொன்னார். மாடியிலிருந்து வரும் நான்கு பைப்பையும் சேர்த்து ஒரு வடிகட்டித் தொட்டிக்குக் கொண்டுவந்தார். அடியில் பெரிய கருங்கல் ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, அதற்கும் மேலே நைலான் வலை, வலைமேல் ஆற்று மணல். அதிலிருந்து கிணற்றுக்கு ஒரு பைப். தொட்டிக்கு முன்னால் திருகி எடுக்கிற மூடி போட்ட ஒரு கிளை. முதல் மழையில் மாடித் தூசியையும் காக்கை எச்சத்தையும் அதன் வழியாக வெளியே விட்டுவிட வேண்டும். வாட்ச்மேனுக்கு இதைச் செய்து காட்டி, அவரையே ஒரு முறை செய்ய வைத்துப் பார்த்தார். காம்பவுண்டுக்குள் தரையில் ஓடும் தண்ணீருக்கு வாசல் ஓரம் கம்பிச் சட்டம் போட்ட வாய்க்கால், அதிலிருந்து மூன்றடி அகலம், பதினைந்தடி ஆழத்தில் தனி உறைக்கிணறு. அதிலிருந்து நாங்கள் தண்ணீர் எடுப்பதில்லை, மண்ணுக்குக் கொடுப்பதோடு சரி. பழைய செப்டிக் டேங்க் இருந்த பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் தோண்டினார்கள்.

எங்கள் மாடி 3,600 சதுர அடி. சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வழியில் சிந்துவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் மூன்று லட்சத்து எழுபதாயிரம் லிட்டருக்குக் குறையாது. 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் முப்பது லாரி. இத்தனை வருடமும் இதைக் குழாய் வைத்துத் தெருவில் விட்டுவிட்டு, அதே தெருவில் காசு கொடுத்து லாரி வாங்கியிருக்கிறோம். கூட்டத்தில் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதியபோது எனக்கே நெஞ்சு அடைத்தது.

செலவு: தூர் வாரி, உறை மாற்றி, மேலே கட்டியதற்கு 38,000. பைப்பும் வடிகட்டித் தொட்டியும் 22,000. வாசல் உறைக்கிணறும் வாய்க்காலும் 35,000. ஆக 95,000 ரூபாய், வீட்டுக்கு எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. போர் எஸ்டிமேட்டில் ஏறக்குறையப் பாதி. கோடையில் லாரிக்கு மட்டும் மாதம் இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு இது பெரிய தொகையாகத் தெரியவில்லை.

பழைய இரண்டு எச்.பி. மோட்டருக்குப் பதில் ஒரு எச்.பி. போதும் என்று சொன்னதும் மேஸ்திரிதான். காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். வேகமாக உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு அந்த இடத்தில் மட்டும் குவிந்து மேலே வரும். இரண்டு வேளை நிதானமாக எடுத்தால் கிணறு ஊறிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. அந்த மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் அளந்தபோது கிணற்றில் 620 காட்டியது. அடுத்த சித்திரை, வைகாசியில் 800-ஐ ஒட்டி நின்றது. பழைய போரை நாங்கள் தொடுவதே இல்லை. லாரி அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடும் கோடையில் எப்போதாவது வாங்குகிறோம். குடிக்க இந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவதில்லை. தூர் வாரி ப்ளீச்சிங் பவுடர் போட்டு இறைத்த பிறகு லேபில் கொடுத்துப் பார்த்தோம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எந்தத் தடையும் இல்லை.

இனி குறைகள். சொன்ன தேதிக்கு வரவில்லை; ஆடியில் வர வேண்டியவர்கள் ஆவணியில் வந்தார்கள், மழைக்கு முன் முடியுமா என்று எனக்குத் தூக்கம் போனது. வேலை முடிந்து மிஞ்சிய மணலையும் சேற்றையும் கார் நிறுத்துமிடத்திலேயே குவித்துவிட்டுப் போனார்கள். அள்ள வேறு ஆள் வைத்துத் தனியாகச் செலவு செய்தோம். பில் இல்லை, வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான். அசோசியேஷன் கணக்கு காட்ட வேண்டியவர்களுக்கு இது தலைவலி. எந்தப் பைப் எங்கே போகிறது என்று ஒரு படம் வரைந்து கொடுங்கள் என்றதற்குச் சிரித்தார். கடைசியில் நானே வரைந்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஒரு மாடி பைப்பின் ஜாயின்ட் முதல் மழையிலேயே ஒழுகியது, பல முறை போன் செய்த பிறகுதான் ஆள் வந்தது. வடிகட்டித் தொட்டியின் சிலாப் மூடி ஒருவரால் தூக்க முடியாத கனம். இரண்டு துண்டாகப் போடச் சொல்லி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை, மணலுக்கும் பில்லுக்கும்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். எங்களுக்குச் சரியாக வந்தது எல்லா இடத்துக்கும் அப்படியே வராது. திருவான்மியூர், அடையாறு, சாந்தோம், தொண்டையார்பேட்டை மாதிரி மணல் பகுதிகளில் தண்ணீர் இறங்குவது வேகம். அங்கே இந்த ஆழம் இல்லாத கிணறு போதும். தி.நகர், அண்ணாநகர், கொளத்தூர், விருகம்பாக்கம் பக்கம் களிமண். குழி வெட்டினால் தண்ணீர் இறங்காமல் தேங்கிக் கொசுதான் வளரும். களிமண்ணைத் தாண்டி மணலோ சிதைந்த பாறையோ வரும் வரை உறை இறக்க வேண்டும், அல்லது உறைக்கிணற்றுக்குள் ஒரு துளை போட்டுக் கீழே சேர்க்க வேண்டும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை. அங்கே வேலையும் வேறு, கூலியும் வேறு. உங்கள் தெருவில் பழைய கிணறு வைத்திருக்கும் வீட்டில் மண்வாகு எப்படி என்று கேட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கிணற்று வேலைக்கு நல்ல நேரம் வைகாசி, ஆனி. தண்ணீர் கீழே போயிருக்கும்போது தூர் வாருவது சுலபம், இறைக்கிற செலவும் குறைவு. புரட்டாசியில் போன் செய்தால் எல்லாக் குழுவும் வேறு எங்கேயாவது கிணற்றுக்குள் இருக்கும். சித்திரையிலேயே பேசி, முன்பணம் கால் பங்குக்கு மேல் கொடுக்காமல், மணல் அள்ளுவது யார் பொறுப்பு என்பதை அந்த வெள்ளைத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வடிகட்டித் தொட்டி மணலை வருடத்துக்கு ஒரு முறை எடுத்துக் கழுவிப் போடவும் அதே ஆட்கள் வருகிறார்கள். போன முறை எங்களிடம் இரண்டாயிரத்து ஐநூறு வாங்கினார்கள்.